டாராவின் வில்லுக்கு எந்த முனை

ஆஷ் க்ரீக், மொன்டானா
நவம்பர் 16

அன்புள்ள கோல்பிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் என் மருமகள் டாராவும் அங்கே கடற்காற்றையும் வெல்டிங் புகையையும் தாக்குப்பிடித்து சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே அப்பா சௌக்கியம். நான் இடுப்பு வரைக்கும் சௌக்கியம், அதற்குக் கீழே இடது பக்கம் மட்டும் இன்னும் மாவுக்கட்டின் ராஜ்ஜியம். கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டார் அப்பா, அங்கிருந்து ஜன்னல் வழியாக எனக்குத் தெரிவது எரிவாயுத் தொட்டியும் அதன்மேல் ஏறிக்கொண்டே போகிற பனியும்தான், தொட்டியின் பாதி மறைந்தாயிற்று, பாதையில் பனி அள்ளுகிற வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்கூட அப்பாவைக் கூப்பிட வேண்டும், அவரும் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கிறார், அதுதான் இன்னும் கஷ்டம். தேவாலயத்துப் பெண்கள் சமைத்துக்கொண்டு வருகிறார்கள், நான்கு வீட்டிலிருந்து நான்கு பாத்திரம், திறந்தால் நான்கிலும் அதே நூடுல்ஸ், அதே டப்பா மீன். அப்பா மூன்றாவது பாத்திரத்தைத் திறந்தபோது, "ஆர்லிஸ், நீ செத்திருந்தாக்கூட இதைத்தான் கொண்டாந்திருப்பாங்க" என்றார். இரண்டு மாதத்தில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ மூன்று தடவை போனில் கேட்டாய், மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன், உனக்கே தெரிந்திருக்கும். இழுக்க நாற்பது பவுண்டு பலம் கேட்கிற டாராவின் வில்லுக்கு, எனக்கு அனுப்பினாயே, மடங்கிக்கிடந்து படும்போது விரிகிற பிளேடு வைத்த அம்பு முனை, அதையே கிறிஸ்துமஸுக்கு வாங்கலாமா என்று. வேண்டாம் கோல்பி. விரியாத, ஒரே இரும்பாக நிற்கிற, இரண்டே பக்கம் வெட்டுகிற முனையை வாங்கு. எல்க் மானின் விலா எலும்பைத் தாண்டிப் போவதற்கு டாராவின் கையில் இருக்கிற பலத்தில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது. விரிகிற முனை தன்னை விரித்துக்கொள்ளவே பாதிப் பலத்தைத் தின்றுவிடும், எழுபது பவுண்டு இழுக்கிற உனக்கு அது பரவாயில்லை, அவளுக்கு ஆகாது. முனை கொஞ்சம் கனமாக இருக்கட்டும், அம்பும் கனமாக இருக்கட்டும், மெதுவாகப் போனாலும் நிற்காமல் போகும். கடையிலிருந்து வந்த கூர்மையை நம்பாதே, கல்லில் தீட்டி முன்கை முடியை மழிக்கிறதா என்று பார்க்கச் சொல். அம்பில் திருகிய பிறகு உள்ளங்கையில் நுனியை ஊன்றிச் சுழற்றாதீர்கள், உன் அத்தை அப்படித்தான் தையல் போட்டுக்கொண்டாள், மேஜைமேல் உருட்டிப் பார்த்தாலே முனை ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். பயிற்சி முனையில் பத்துக்குப் பத்து அடித்துவிட்டு வேட்டை அன்று இதை மாட்டினால் வேறு எங்கேயோ போகும். வேட்டைக்கு எதுவோ அதையே வைத்துக் கோடை முழுக்க அடிக்கட்டும். அது கோணலாகப் பறந்தால் முனையைத் திட்ட வேண்டாம், வில்லைச் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல தாயின் கடிதமாக இருந்திருக்கும். ஆனால் ஏன் என்று நீ கேட்பாய், கேட்காவிட்டாலும் நீ அனுப்பிய பொருளால்தான் எனக்கு இப்படி ஆனது என்று மனசுக்குள் வைத்துக்கொள்வாய். அப்படி இல்லை. அந்தப் பெட்டியிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது, பலமான வில்லுக்கு மட்டும் என்று. நான் படித்தேன். தோளில் அறுவை செய்த பிறகு ஐம்பத்திரண்டு பவுண்டு வில்லை என்னால் இழுக்க முடியவில்லை, யாரும் இல்லாத நேரத்தில் திருகாணியைத் தளர்த்தித் தளர்த்தி நாற்பத்திரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நீ ஆசையாக அனுப்பினாய் என்று மாட்டினேன், அது பாதி நிஜம். மறுபாதி, பழைய இரண்டு பக்க முனைக்குத் திரும்பினால் கிழவியாகிவிட்டேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று காலை வண்டியில் அப்பா சண்டை பிடித்தார். "அது எழுபது இழுக்கிற பயலுகளுக்குச் செஞ்சது. உன் அம்பத்திரண்டே அதுக்குப் பத்தாது. இந்தப் பழைய முனையைப் பாரு, கிளம்பும்போது எப்படி இருக்கோ போய்ச் சேரும்போதும் அப்படியே இருக்கும்" என்றார். மகன் கொடுத்ததைக் குறை சொல்லாதே என்று நான் கத்தினேன். அவர் என் அம்பறாத்தூணியில் இருந்த நான்கு அம்பில் ஒன்றின் முனையைக் கழற்றி, தான் தீட்டி வைத்திருந்த பழைய முனையைத் திருகினார். "நாலுல ஒண்ணாவது என் பேச்சைக் கேக்கட்டும்" என்றார்.

செப்டம்பர் பத்தொன்பது அது. அப்பா மேட்டுக்கு மேற்கே போனார், நான் கிழக்கே, எரிந்துபோன காட்டு ஓரமாக. பன்னிரண்டு மணிக்கு வண்டியில் சந்திப்பதாகப் பேச்சு. எட்டரைக்கு ஒரு எல்க் கடா கூவிக்கொண்டே நேராக என்னிடம் வந்தது, இருபத்துநான்கு அடி தூரம், இவ்வளவு கிட்டத்தில் இத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் நிற்கிறது என்று நினைத்து விட்டேன், கொஞ்சம் என் பக்கம் திரும்பித்தான் நின்றிருக்கிறது. கட்டையில் பட்ட மாதிரி சத்தம். தோள் எலும்பில் ஒரு சாண்கூட இறங்காமல் அம்பு தொங்கிக்கொண்டிருந்தது, பிளேடு ஒன்று விரியவேயில்லை என்று பிறகு பார்த்தோம். கடா எரிந்த காட்டுக்குள் ஓடிவிட்டது. ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரத்தம் பார்த்துக்கொண்டே போனேன், ரத்தமா அது, காசளவுக்கு இங்கே ஒன்று அங்கே ஒன்று. அந்தக் காட்டில் மரம் எல்லாம் கொட்டிய தீக்குச்சி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். பத்தரை இருக்கும், ஒரு மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் காலை வைத்தேன், மேலே இருந்தது உருண்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு மரத்துக்கு நடுவில். எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. இழுத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன், கத்தியால் மரத்தைச் செதுக்கிப் பார்த்தேன். ஒரு பயனும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. கழுத்தில் விசில் இருந்தது, ஊதப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. முப்பது அடி தள்ளி, ஒரு கருகிய மரத்துக்குப் பின்னால், கடா படுத்திருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது ஓடவில்லை, ஓட முடியாது என்று இல்லை, ஓட வேண்டியதில்லை என்று நினைத்தது போல. நானும் அசையவில்லை. நெஞ்சு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, கழுத்தும் கொம்பும்தான் தெரிந்தன, அம்பு விட இடமில்லை. பழைய முனை மாட்டிய அம்பை வில்லில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் மூக்கில் ஒரு குமிழி வந்து உடைந்தது. என் கால் முதலில் எரிந்தது, பிறகு குளிர்ந்தது, பிறகு அப்படி ஒன்று எனக்கு இருப்பதே தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தோம், இரண்டரை மணிநேரம். கடாவுக்குக் கீழே பத்தடியில் செங்குத்துப் பள்ளம் ஆரம்பிக்கிறது, எழுந்து அதில் இறங்கிவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, நாலு நாள் கிடந்து சாகும், நான் செய்த காயத்தோடு.

அந்தத் திருகாணி விஷயம் தவிர, இதுவரைக்கும் அப்பாவுக்கும் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது. ஒரு மணிக்கு மேட்டிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஆர்லிஸ்!" என்று. தெளிவாகக் கேட்டது கோல்பி, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. விசிலை வாயில் வைத்தேன். கடாவின் காது குரல் வந்த பக்கம் திரும்பியது, முன்னங்காலை ஊன்றியது. நான் ஊதினால் எழுந்து பள்ளத்துக்குள் போயிருக்கும். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பா மறுபடி கூப்பிட்டார். "ஆர்லிஸ், எங்க இருக்க? ஒரு சத்தம் குடு!" என்றார். கடைசியில் அழுகிற குரல், முப்பத்தாறு வருஷத்தில் நான் கேட்டிராத குரல். நான் சத்தம் கொடுக்கவில்லை. கடா எழுந்து ஆடிக்கொண்டே நின்றது, மேட்டையே பார்த்துக்கொண்டு, மரம் இன்னும் மறைத்தது. குரல் தள்ளித் தள்ளி வடக்கே போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிஷம். பிறகு கடா இரண்டு அடி எடுத்து வைத்தது. மரத்தில் முதுகைக் கொடுத்து வில்லை இழுத்தேன், முதல் தடவை தோள் விட்டுவிட்டது, இரண்டாவது தடவை இழுத்தேன். அம்பு விலா வழியாகப் போய் மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. கடா நாலு அடி நடந்தது, உட்கார்ந்தது, தலையைக் கீழே வைத்தது. அதன் பிறகுதான் விசிலை ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். கேட்க யாரும் இல்லை. அப்பா கீழே போய் பக்கத்துப் பண்ணை ஹார்லனையும் அவனுடைய கோவேறு கழுதையையும் கூட்டிக்கொண்டு, மரம் அறுக்கிற ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நாலரை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாதவர். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்டார், அப்பா சொன்னார். "ஒரு மணிக்கே எடுத்திருந்தா இந்த நரம்பு பிழைச்சிருக்கும்" என்றார். பாதம் இனித் தானாக மேலே தூக்காது, பட்டை போட்டுத்தான் நடக்க வேண்டும். அப்பாவின் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டாம். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் இந்தக் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே சொல்கிறார். "காத்து மேக்க அடிச்சுச்சு, என் சத்தத்த அப்படியே வாரிட்டுப் போயிருச்சு. இடது பக்கமா நூறு அடி எறங்கியிருந்தேன்னா உனக்குக் கேட்டிருக்கும்" என்கிறார். துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, ஒரு நாள் போகவில்லை. ஹார்லன் வந்து கூப்பிட்டுப் பார்த்தான், பெண்டாட்டி ஊதின விசில்கூடக் கேட்காத, காது சரியில்லாதவன் காட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார், அவர் காதுக்கு ஒன்றும் இல்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறேன். எழுந்து வேறு அறைக்குப் போகவும் முடியாது. மரத்தை ஹார்லன் இரண்டு நிமிஷத்தில் அறுத்துவிட்டான். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடிபட்ட உயிரை அப்படியே விடக் கூடாது என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இன்னொரு முறை அதே இடத்தில் இருந்தால் அப்படியே செய்வேனா என்று இரவும் பகலும் என்னையே கேட்கிறேன், செய்வேன் என்றுதான் வருகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது. கேட்டது, பேசாமல் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது. நாலு தடவை ஆரம்பித்துக் காபி கேட்டு முடித்துவிட்டேன்.

நீ டாராவுக்கு நல்ல முனையாக வாங்கு. அடுத்த செப்டம்பரில் அவளை இங்கே கூட்டி வா, நான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். வில்லின் பலம் எவ்வளவு என்று அவள் வெட்கப்படாமல் சொல்லட்டும், உனக்கும் சொல்லட்டும், தனக்கும் சொல்லிக்கொள்ளட்டும். ஃப்ரீசர் நிறைய இறைச்சி இருக்கிறது, வருகிற ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கம்பளிக் காலுறை போடாமல் கப்பலுக்குள் இறங்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து வைக்கட்டும், கூப்பிடும் தூரத்தில் எப்போதும் யாராவது இருக்கட்டும். அப்பா வெளியே பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. என் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதாமல் அவர் தபாலில் போடுவதில்லை, உனக்குத் தெரியும். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கப் போகிறேன்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அம்மா
ஆர்லிஸ்

கோல்பி, படித்தேன். கொட்டகைக்குப் போய் இருட்டும் வரைக்கும் விறகு பிளந்தேன், பிறகு வந்து இன்னொரு தடவை படித்தேன். அந்தக் கடாவுக்கு அவள் செய்தது சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்குச் செய்தது சரியா என்று இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது. அந்த இருபது நிமிஷம் மேட்டில் நின்று நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்துத்தான் இருக்கிறாள். போய் அதைச் சொல்லப் போகிறேன். அப்பா.