சிவப்புக் கார் சாவியில் கட்டிய கயிறு

கவரைப்பேட்டை
12-6-74, புதன்

சிரஞ்சீவி துளசிராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லாருக்கும் உடம்பு நலம். மனசும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீயும் செங்கமலமும் குழந்தை ஹேமாவும் சுகமாக இருக்க வேண்டும். செங்கமலத்துக்கு வாந்தி நின்றதா, ஐந்தாம் மாதம் ஆகிவிட்டதே, பாரம் தூக்க விடாதே. இன்லண்டு லெட்டரில் இடம் போதாது என்றுதான் கவர் வாங்கி எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்தவள்தான், ஆனால் உன்னைத் திட்டுவதற்கு அந்தப் படிப்பு போதும்.

சொர்ணவாரி நெல் பூத்து நிற்கிறது, கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாமல் உன் நைனா மோட்டார் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். இருந்தார் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மற்ற சேதி இருக்கட்டும். நீ போன மாதம் நைனாவுக்குக் கடிதம் போட்டாயே, பொங்கலுக்கு வந்தபோது கும்மிடிப்பூண்டி பாக்கியராஜ் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த சிவப்பு ரேஸ் கார் இன்னும் விற்கவில்லையாம், மீட்டரில் பதினெட்டாயிரம் மைல்தான் இருக்கிறது, நீங்கள் ஒரு தடவை பார்த்து மனசுக்குப் பிடித்தால் பேசி முடித்துவிடுங்கள், ஆடியில் வந்து கல்கத்தா ரோடு பிடித்து ரூர்கேலாவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று. அந்தக் கடிதத்தை உன் நைனா மூன்று தடவை படித்தார். படித்துவிட்டு டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஊரில் எவன் மாடு வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்லைப் பார்க்கச் சொல்கிறான், சுழியைப் பார்க்கச் சொல்கிறான், ஆனால் பெற்ற பிள்ளை இதுவரை ஒன்றையும் பார்க்கச் சொன்னதில்லையே. அந்தப் பெருமை அவருக்கு. எம்புள்ள ஸ்டீல் பிளாண்டுல இருந்துகினு என் கண்ணைக் கேட்டு எழுதிக்கிறான் பாரு என்று எல்லாரிடமும் சொன்னார்.

போன மாதக் கடைசியில் பஸ் ஏறிப் போனோம். நீ வேணாம் கெங்கு, வெயிலு என்றார், நான் விடவில்லை. அந்த வண்டியை அவர் சுற்றி வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மாட்டைச் சுற்றுகிற மாதிரியே மூன்று சுற்று. பக்கத்தில் தட்டிப் பார்த்தார், குனிந்து வயிற்றைப் பார்த்தார், விளக்கு இரண்டையும் கண்ணைத் துடைக்கிற மாதிரி துண்டால் துடைத்தார். எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்த வெள்ளைக்கார என்ஜினியர் வைத்திருந்தது, ஒரே கை வண்டி பெரியவரே என்றான் பாக்கியராஜ். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும், ஆனால் கால் வைக்கும் இடத்தில் மிதிக்கிற கட்டையைப் பார்த்தேன், ரப்பர் முழுவதும் தேய்ந்து உள்ளே இரும்பு வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. பதினெட்டாயிரம் மைலுக்கு இப்படித் தேயுமா என்று எனக்கு உறுத்தியது. வாங்க ஆயா ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று அங்கே வேலை செய்கிற தானியேல் கூப்பிட்டான். ஆயா என்றதற்கு அவனை ஒரு முறை முறைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் உன் நைனா கீழேயே நின்றார். எல்லாக் கெடுதலும் அந்த இரண்டு பேர் இடத்தில்தான் ஆரம்பித்தது.

பொய் சொல்ல மாட்டேன் துளசி, கல்கத்தா ரோட்டில் அது கிளம்பியதும் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது, லாரிக்காரன் எல்லாம் எட்டிப் பார்த்தான், எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நீ ஏன் ஆசைப்பட்டாய் என்று தெரிந்தது. ஆனால் திரும்பும்போது மீட்டரைப் பார்த்து, ஐந்து கட்டம்தானே இருக்கிறது, எல்லாம் ஒன்பது ஆனதும் என்ன ஆகும் என்று தானியேலைக் கேட்டேன். இன்னா ஆகும், முழுசா ஒரு சுத்து சுத்திகினு மறுபடியும் சைபர்லேர்ந்து வரும் என்றான். இது சுற்றி வந்ததுதானே என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ஓனரைக் கேளு ஆயா, எம்பொழப்புல மண்ணைப் போடாதே என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டாயிரம் இல்லை, லட்சத்துப் பதினெட்டாயிரம். எட்டுப் பல்லும் முளைத்து ஓய்ந்த மாட்டை இரண்டு பல் என்று கட்டி வைத்திருக்கிறார்கள்.

இறங்கி ஓடி வந்து சொல்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. உன் நைனாவும் பாக்கியராஜும் துண்டுக்கு அடியில் கை விட்டு விரல் பிடித்து விலை பேசி முடித்திருந்தார்கள். அவன் அப்பன் மாட்டுத் தரகு செய்தவன், அவனுக்கு அந்த வழக்கம் தெரியாதா. வண்டி இங்கியே நிக்கட்டும், சாவி உங்ககிட்ட இருக்கட்டும், புள்ள வந்து பணத்தைக் குடுத்துட்டு எடுத்துகினு போகட்டும் என்று சாவியைக் கொடுத்தான். விற்றவன் கயிற்றை அவனிடமே விட்டுவிட்டு நம் கயிற்றைப் போட்டுத்தானே மாட்டை ஓட்டி வருவோம். உன் நைனா சாவியிலிருந்த வளையத்தைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டு, மடியில் கொண்டுபோயிருந்த புதுக் கயிற்றுத் துண்டைச் சாவியில் போட்டு முடிச்சுப் போட்டார். அதற்கு மேல் அவர் பேச்சு மாற மாட்டார் என்பது உனக்கும் தெரியும்.

பஸ்ஸில் நான் எல்லாம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாக்கியராஜைக் கேட்கப் போனார். மறைத்து விற்றால் விரல் பிடித்தது செல்லாது, அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை என்று தெம்பாகத்தான் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் விடாமல் கேட்ட பிறகுதான் அவன் சொன்னதைச் சொன்னார். இன்னா பெரியவரே பேஜாரா கீது, லட்சம் தாண்டின வண்டின்னு பொங்கலுக்கே உங்க புள்ளைகிட்ட சொல்லிட்டேனே, அதெல்லாம் நைனாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நைனா வந்து விரல் புடிச்சா அட்வான்ஸ் இல்லாம நிறுத்தி வைப்பியான்னு உங்க புள்ளதானே கேட்டாரு என்றானாம்.

துளசி, அந்த வண்டி லட்சம் மைல் ஓடட்டும், இரண்டு லட்சம் ஓடட்டும், சம்பாதிக்கிறாய், ஆசைப்பட்டாய், வாங்கிக்கொள். பெட்ரோல் விற்கிற விலையில் அதற்குத் தீனி போடுவது உன் பாடு. பிள்ளைத்தாய்ச்சியையும் மடியில் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு தொள்ளாயிரம் மைல் அந்தத் தேய்ந்த கட்டையை மிதித்துப் போகிறாயா என்று மட்டும்தான் கேட்பேன், அதற்கு உனக்கே பதில் தெரியும். ஆனால் நைனாவின் கண் வேண்டும் என்று எழுதிவிட்டு அவர் விரலை மட்டும் வாங்கிக்கொண்டாயே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தெரிந்ததை ஒரு வரி எழுதியிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு, கிழட்டு மாடுன்னாலும் நல்ல ஜாதிடா என்று உனக்காகப் பேசி முடித்திருப்பார்.

போன சனிக்கிழமை மேலண்டை வீட்டு ராமபத்ரன் ஒரு ஜோடி காளை பார்க்கச் சந்தைக்குக் கூப்பிட வந்தான். கண்ணு சரியில்லடா, வேற யாரையாச்சும் கூட்டிகினு போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். முந்தின நாள்தான் எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர். டீக்கடைப் பக்கமும் போவதில்லை. புள்ள கேட்டுக்கினான், வண்டி அவனுது, ஒரு வார்த்தையும் எழுதாதே என்று எனக்கு உத்தரவு. அவர் உத்தரவு அவரோடு. நான் எழுதுகிறேன்.

ஆடி வரை காத்திருக்க வேண்டாம், லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் ரயிலில் வாருங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு செய்ய வேண்டும், செங்கமலம் இங்கேயே இருக்கட்டும். அமாவாசைக்குத் திருவள்ளூர் போய்க் குளத்தில் பாலும் வெல்லமும் கரைத்து உங்கள் மூவருக்கும் வேண்டிக்கொண்டு வருகிறேன். ஹேமாவுக்கு என் முத்தம். நீங்கள் எல்லாரும் ஆயுசோடு இருக்க வேண்டும்.

சாவியை அவர் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வந்ததும் என்னிடம் கேட்காதே, தர மாட்டேன். நேரே அவரிடம் போய், தெரிந்துதான் மறைத்தேன் என்று உன் வாயால் சொல். அதன் பிறகு வண்டியை வாங்குவதானாலும் விடுவதானாலும் அந்தக் கயிற்றை அவர் கையால் அவிழ்க்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
கெங்கம்மாள்