பிஸ்வாஸ் வீட்டு டிரம்

15 மார்ச் 2010, திங்கள்

நாடுகள் ஏன் மோதிக்கொள்கின்றன என்று இன்று ப்ளஸ் டூவில் பாடம் எடுத்தேன். மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் என்றது ஒரு பெஞ்ச். தலைவர்களின் கர்வம் என்றது இன்னொன்று. எதிராளி தயாராகிறான் என்ற பயம்தான் முக்கியக் காரணம் என்று நான் முழங்கினேன்.

சாயங்காலம் எங்கள் லம்பா லைன் குடியிருப்புக்குத் திரும்பினால், பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் இன்னொரு நீல டிரம்மை இறக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தீவில் முனிசிபல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கே குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்ச ஒரு மோட்டார் வாங்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, எதற்கு இத்தனை டிரம் என்று வாசலிலேயே கேட்டேன்.

"பெஹ்லே தோ ஆப் லாயே, மாஸ்டர்ஜி" என்றார். முதலில் வாங்கியது நானாம். அதைப் பார்த்துப் பயந்துதான் அவர் வாங்கினாராம்.

என் மனைவி செல்வி உள்ளேயிருந்து சிரித்தாள். "அது எங்கண்ணன் குடும்பம் கப்பல்ல வர்றாங்கன்னு வாங்கினதுங்க. அவங்க மெயின்லேண்ட் போனதுலேர்ந்து காலியாத்தானே கெடக்கு!"

அதையே அவருக்கு ஹிந்தியில் சொன்னாள். அவர் வந்து எங்கள் டிரம்மைத் தட்டிப் பார்த்தார். டொம்மென்றது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுனாமி வந்த வாரம் இதைவிடத் தட்டுப்பாடு. அப்போது இரண்டு வீடும் ஒரே குடத்தில் மொண்டு குடித்தோம்; சண்டை வரவில்லை. இதை வகுப்பில் சொல்ல வேண்டும். மோட்டார் விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

புது டிரம் இப்போது இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்கிறது. நாளை தண்ணீர் வரும். யார் முதலில் மொள்வது என்று மட்டும் இன்னும் பேசவில்லை.