பதினோராவது பாரா

கோந்த்வா, புனே
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்முவுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே நானும் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் நலமாக இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளை மாதவும் அந்தத் தயவு தேவைப்படாமலே நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், நான் சொல்லப்போவது அவளுக்குப் பிடிக்காது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் என் கை முப்பத்தொரு வருட பேங்க் பழக்கத்தில் தானாக வழுக்கிக்கொண்டு போகும், நீயும் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவாய். பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன், குடும்ப குரூப்பில் போடாதே.

முதலில் நல்ல சேதி. ஹிஞ்சேவாடியில் உனக்காக வாங்கி வாடகைக்கு விட்ட சின்ன ஃபிளாட் பத்திரமாக இருக்கிறது. குடியிருக்கும் இரண்டு சாஃப்ட்வேர்க்காரர்களும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை போட்டுவிடுகிறார்கள், ஆனால் பால்கனியில் மீன் தொட்டி வைத்துக் கீழ்வீட்டுக் கூரையை ஊறவைத்துவிட்டார்கள். கீழ்வீட்டு அம்மாள் என்னை மராட்டியில் திட்டினாள், நான் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டேன், பிளம்பர் இரண்டு மொழியிலும் பணம் கேட்டான். நல்ல சேதி இவ்வளவுதான்.

இனி உன் பெயரில் பதிவு செய்த இரண்டாவது ஃபிளாட். உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே சொல்கிறேன், அப்போதுதான் தெரியாத பாதி புரியும். இரண்டு வருடத்துக்கு முன் நம் ஐயப்ப பூஜைக் குழுவில் இருக்கும் வாசுதேவன், வீடு நிலம் வாங்கித் தரும் புரோக்கர், ஒரு யோசனை கொண்டுவந்தான். ஹிஞ்சேவாடியைத் தாண்டி ஒரு பில்டர் கட்டப்போகும் கட்டடத்தில் பூமி பூஜைக்கு முன்பே நம்மவர்கள் மொத்தமாகப் பதிவு செய்தால் ஐந்தில் ஒரு பங்கு விலை குறையும், இரண்டு மாடி முழுக்கத் தமிழ் கேட்கும், கிளப் ஹவுஸ் பக்கத்தில் பிள்ளையார் கோயிலும் வரும் என்றான். ஐ.டி. பார்க்கிலிருந்து ஏழே நிமிடம் என்று விளம்பரத்தாளில் போட்டிருந்தது. நான் பார்க்கப் போன அன்று கம்பெனி கேப்களுக்கு நடுவில் ஒன்றே முக்கால் மணி ஆயிற்று, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு சோள வயலும் அதன் ஓரத்தில் மாதிரி ஃபிளாட் ஒன்றும் இருந்தன. மாதிரி ஃபிளாட்டில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு குடும்பங்கள் சேர்ந்தோம். வாசல் கிழக்கா வடக்கா என்று கேட்டார்கள், பிள்ளையார் எந்தத் திசை பார்ப்பார் என்று கேட்டார்கள், நிலம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் நான் இருக்கிறேனே. கடன் கேட்டு வருகிறவர்களின் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன். ஜம்பு சார் பார்த்து ஒரு நோட் எழுதித் தரட்டும் என்று முடிவாயிற்று.

முப்பது வருடத்து ஆவணங்களையும் பார்த்தேன். நம் பக்கத்துப் பட்டா மாதிரி இங்கே சாத்-பாரா என்று ஒரு தாள் உண்டே, அதில் மற்ற உரிமைகள் என்ற கட்டத்தில் அகல்யாபாய் என்று ஒரு பெயர் இருந்தது. நிலத்தை விற்றவனின் அக்கா. அப்பா சொத்தில் தன் பங்கை அவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வாசுதேவனிடம் கேட்டேன். சார், டென்ஷன் நக்கோ, கவலையே வேணாம், எண்பது வயசு, கண்ணும் சரியா தெரியாது, கூடப்பொறந்த தம்பி மேல அந்தம்மா எங்க கோர்ட்டுக்குப் போகப்போகுது, ஒரு புடவையும் கொஞ்சம் பணமும் குடுத்தா ரேகை வெச்சிடும் என்றான். பேங்காக இருந்தால் அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். அனுப்பியிருக்க மாட்டேன். மேலே ஒருவர் அவசரப்படும்போது ஃபைலைத் திருப்புகிறவனுக்கு ஊர் மாற்றல் வரும் என்று சேர்ந்த இரண்டாம் வருடமே கற்றுக்கொண்டேன். அதற்கு ஒரு வழி உண்டு. முதல் பத்து பாராவில் நல்லதையெல்லாம் எழுத வேண்டும், பதினோராவதில் உண்மையைச் சின்ன விஷயம் போல எழுத வேண்டும், பன்னிரண்டாவதில் சிபாரிசு செய்து முடிக்க வேண்டும். மேலதிகாரி பன்னிரண்டாவதை மட்டும் படித்துக் கையெழுத்திடுவார், கடன் மூழ்கினால் ஆடிட்டர் பதினோராவதைப் படித்து என்னை விட்டுவிடுவார். இப்படித்தான் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றேன், வழியனுப்பு விழாவில் அப்பழுக்கற்றவர் என்று மூன்று பேர் பேசினார்கள். குழுவுக்கும் அதே கணக்கில் பன்னிரண்டு பாரா எழுதிக் கொடுத்தேன். அதற்குச் சன்மானமாக பில்டரிடமிருந்து உனக்கு மட்டும் மூலை வீடும் கூடுதல் தள்ளுபடியும் கிடைத்தன. உனக்காக வீடு தேட, விலை பேச, வாங்க, விற்க என்று நீ எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தைக் கொண்டு உன் பெயரில் நானே கையெழுத்திட்டேன். நீ அறியாத பாதி இதுதான்.

போசரியில் லேத் முன்னால் முப்பத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்த கோகுல்நாத், தன் பி.எஃப். மொத்தத்தையும் போட்டார். நோட்டைப் பிரிக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்து, நீங்க பாத்துட்டீங்க இல்ல சார், அப்புறம் நான் வேற எதுக்குப் பாக்கணும் என்றார்.

அகல்யாபாய்க்குக் கண் நன்றாகவே தெரிந்தது. கோர்ட்டுக்குப் போனாள், தடை உத்தரவு வாங்கினாள். வயலில் மறுபடி சோளம் போட்டார்கள், நல்ல விளைச்சல் என்று கேள்வி. நாங்கள் பதினாலு பேரும் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் கொடுத்தோம், போன வாரம் விசாரணை. பில்டரின் வக்கீல், சின்ன வயசுப் பெண், ஒரு தாளை எடுத்து வாசித்தாள். என் பதினோராவது பாரா, வாசுதேவன்தான் கொடுத்திருக்க வேண்டும். அக்காவுக்குப் பங்கு இருப்பது இவர்களுக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் குறைந்த விலைக்கு வாங்கினார்கள், ஏமாற்றப்பட்டதாக எப்படிச் சொல்லலாம் என்றாள். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் எழுதிய வரி பதினாலு வீட்டுக்கும் எதிரான சாட்சியாகிவிட்டது. என் எழுத்தில் ஒரு பதினோராவது பாராவை நிறுத்தி, அழுத்தம் கொடுத்து வாசித்த முதல் வாசகி அவள்தான். வெளியே வராந்தாவில் கோகுல்நாத், அந்தப் பொண்ணு என்ன சார் படிச்சது என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. தெரிஞ்சுதான் எழுதினீங்களா சார் என்று மட்டும் கேட்டார், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நேற்று வாசுதேவன் பழங்களோடு வீட்டுக்கு வந்தான். பில்டர் எல்லோரையும் வேறொரு கட்டடத்துக்கு மாற்றித் தருவாராம், புகாரை வாபஸ் வாங்கி மேற்கொண்டு கொஞ்சம் பணம் கட்ட வேண்டுமாம். நீங்க ஒரு நோட் போட்டா மத்தவங்க தானா வந்துடுவாங்க சார், உங்க பொண்ணு பணம் மட்டும் முழுசா தனியா வந்துடும், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பவர் பத்திரத்தோட வாங்க, கையெழுத்துப் போட்டுட்டுச் செக்கை வாங்கிக்குங்க, யாருக்கும் தெரிய வேணாம் என்றான். புது நிலத்தின் தாளையும் வைத்துவிட்டுப் போனான். பார்த்தேன். மற்ற உரிமைகள் கட்டத்தில் இந்த முறை இரண்டு பெயர்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் போனதும், ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ல நீங்க என்ன ஜட்ஜா, கொழந்தை அங்க ஒழைச்சுச் சேர்த்த பணம், முதல்ல அது வரட்டும், பாவத்தை அப்புறம் உக்காந்து பங்கு போட்டுக்கலாம் என்றாள். அவள் சொல்வதில் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தேன், கோகுல்நாத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

இவ்வளவு எழுதுகிற அப்பா கையெழுத்துப் போட மாட்டார் என்று நீ நினைப்பாய். போடுவேன் அம்மு. வெள்ளிக்கிழமை குளித்து விபூதி இட்டுக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவேன். நோட்டும் எழுதுவேன், அதிலும் ஒரு பதினோராவது பாரா இருக்கும். இன்று காலை முதல் மூன்று பாராவை எழுதியும்விட்டேன், நடை நன்றாக வந்திருக்கிறது. ஆகையால் எனக்குக் கொடுத்த பவரை ரத்து செய்துவிட்டதாக பில்டருக்கும் வாசுதேவனுக்கும் எனக்கும் உடனே ஒரு மெயில் அனுப்பு, பிறகு தூதரக அலுவலகத்தில் முறைப்படி ரத்துப் பத்திரம் எழுது. அதிகாரம் இல்லாத கிழவனுக்கு வாசுதேவன் செக் தரமாட்டான், செக் இல்லாமல் நான் நோட் எழுத மாட்டேன், அந்த அளவுக்கு என்னை நம்பலாம். நீங்கள் திரும்பி வந்து இருக்க நினைத்த வீட்டின் பணம் அது. ரத்து செய்தால் பெரும்பாலும் வராது. மன்னிப்பு என்று எழுதினால் நீ அதைத் தர வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, நாற்காலியை மாற்றச் சொல். இருவரும் தீர்க்காயுசோடு, எந்தத் தாளையும் கடைசி வரி வரை வாசிக்கிற பொறுமையோடு இருக்க ஆசீர்வதிக்கிறேன். இங்கே வெள்ளி பதினோரு மணி என்றால் உனக்கு மாலை மூன்றரை, மெயில் அதற்குள் வந்தாக வேண்டும், மறக்காதே. அம்மா கேட்டால், மீன் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தார் என்று சொல். அதுவும் பொய்யில்லை.

உன் அப்பா,
ஜம்புநாதன்