வகுப்புக்கு வெளியே பன்னிரண்டு கிழமை

2019

மார்ச் 5, செவ்வாய்

காலையில் மழை, பத்து மணிக்குப் பிறகு ஈரப்பனி. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். கட்டிடத்தின் பொது இயந்திரத்தில் துணி துவைக்கும் என் முறையை வியாழனுக்கு மாற்றக் கேட்க வேண்டும். கீழ்வீட்டு மனிசி சம்மதிப்பாவோ தெரியாது.

நாலு மணிக்குப் பள்ளியில் மொழிபெயர்ப்பு. சிவநேசன் அண்ணை, மனைவி மாலினி, மகள் ஹரிணி. எட்டாம் வகுப்பு. பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பார்த்திருக்கிறேன்; நீளப் பின்னல், உரத்த சிரிப்பு. இன்று சிரிப்பு இல்லை.

நடந்தது: வகுப்பில் ஒருத்தி மாலினி டொச், அதாவது ஜெர்மன், கதைக்கும் விதத்தை நடித்துக் காட்டி, குரலைப் பதிந்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். ஹரிணி அவளைப் படிக்கட்டில் தள்ளினாள். மணிக்கட்டு முறிவு. ஏற்கெனவே எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தனவாம். மணிக்கட்டு முறிந்த பிள்ளையும் பிள்ளைதான். அதை மறக்கக் கூடாது.

மொழிபெயர்க்கும்போது பள்ளி அதிபர் "நாங்கள்" என்றால் நானும் "நாங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வேலையின் விதி. ஆகவே என் வாயால் சொன்னேன்: "உங்கட மகளைப் பன்னிரண்டு கிழமைக்கு வகுப்பிலயிருந்து விலக்கி வைக்கிறதெண்டு தீர்மானிச்சிருக்கிறம்."

கிட்டத்தட்ட மூன்று மாதம். அண்ணை அதிபரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி?"

அதை டொச்சில் சொன்னேன். "தங்கச்சி" மட்டும் விடுபட்டது.

அந்த நாட்களில் பிள்ளைக்குத் "தகுந்த அலுவல்" பெற்றோர் தேட வேண்டுமாம். பாடத் தாள்கள் தபாலில் வரும். யார் சொல்லிக்கொடுப்பது என்று மாலினி கேட்டா. அவ விடிய ஐந்து மணிக்கு ஒரு கொம்பனிக் கந்தோர் துப்பரவுக்குப் போறவ, அண்ணைக்கு ஆஸ்பத்திரிக் குசினி. அதிபர், அது கடினம்தான், தனக்கு விளங்குகிறது என்றார். குரல் நல்ல குரல். களைத்த மனிதர்.

ஹரிணிக்கு இரண்டு பாஷையும் விளங்கும். எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இடியப்பமும் சொதியும். நன்றாகச் சாப்பிட்டேன். பசி வேறு, இது வேறு.

மார்ச் 7, வியாழன்

துணி துவைத்தாயிற்று. மனிசி சம்மதித்தா, ஆனால் முகம் சரியில்லை.

பின்னேரம் பிரிகிட் வீட்டில் கூட்டம். பிரிகிட் முன்பு பள்ளிகளில் சமூகசேவகியாக இருந்தவர், இப்போது ஓய்வு. (இனி இதில் பி.) போன வருஷம் ஒரு பேச்சுக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஆறேழு பேர். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலக்கப்பட்ட பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே வேறு இடத்தில் பாடம். தீர்மானம் எடுத்த பிறகல்ல, எடுக்க முன்பே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பு. நாடு முழுக்க ஒரே விதி, கன்டோனுக்குக் கன்டோன், மாநிலத்துக்கு மாநிலம் மாறாமல்.

பெயர் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். சொல்லலாமா என்று பிறகுதான் யோசனை வந்தது. பி. எழுதிக்கொண்டார்.

அடுத்த கிழமை பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எங்களைச் சந்திக்கிறாராம். நானும் வர வேண்டுமாம். "நான் சொன்னா வயசுபோன மனிசியின்ர கவலை எண்டு நினைப்பினம், நீ அந்த மேசையில இருந்தவள்" என்ற கருத்தில் பி. ஏதோ சொன்னார். ஓம் என்றுவிட்டேன்.

மார்ச் 13, புதன்

குளிர் காற்று. கொண்டுபோக:
– அடையாள அட்டை
– பி. எழுதிய இரண்டு பக்கம்
– கறுப்புச் சப்பாத்து
– அவசரமாகக் கதைக்கக் கூடாது

வாசலில் பையைச் சோதித்தார்கள், விமான நிலையம் மாதிரி. உள்ளே உயரமான கூரை, கம்பளம், எல்லோரும் மெதுவாகக் கதைக்கிறார்கள். ஒரு பள்ளிப் பிள்ளைக் கூட்டம் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. அதில் ஒரு தமிழ்ப் பெட்டை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

உறுப்பினர் மரியாதையானவர். கோப்பி வாங்கித் தந்தார். பி. சட்டத்திலிருந்து தொடங்கினார்: எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படைக் கல்வி உரிமை என்று நாட்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறதே, பன்னிரண்டு கிழமை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை எங்கே போனது என்று. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என்னிடமும் கேட்டார். ஒரு பிள்ளை, தாய் தகப்பன் இருவரும் வேலை, தபாலில் வரும் தாள். சொன்னேன். அவசரமாகக் கதைக்கவில்லை.

பிறகு அவர் சொன்னார், பள்ளிக்கூடம் கன்டோன்களின் விடயம். சமஷ்டி முறையில் மத்திய அரசுக்கு அதில் கை வைக்க இடமில்லை. தான் சபையில் ஒரு கேள்வி எழுப்பலாம், எழுப்புவாராம். ஆனால் என்ன பதில் வருமென்று இப்போதே சொல்ல முடியும் என்று, அந்தப் பதிலையும் சொன்னார்.

கிளம்பும்போது, அந்தக் குடும்பம் வெளியில் வந்து கதைக்குமா என்று கேட்டார். முகம் இல்லாமல் ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஒரு குடும்பம் வேண்டும். உண்மை என்றுதான் பட்டது.

வெளியே சதுக்கத்தில் பி. எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுப்பித்தார். காற்றில் என் சால்வை முகத்தை மூடியது. திரும்ப எடுத்தார்கள்.

வீட்டில் என் கணவர் ரவி வெங்காயம் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். வெட்டினதைச் சட்டியில் போட்டார். பிறகு, "ஊரில முப்பது வருஷமாச் சமஷ்டி சமஷ்டி எண்டு கேட்டனாங்கள். இதுதானப்பா அது" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

மார்ச் 16, சனி

வெயில். முதல் நல்ல வெயில். மரக்கறி வாங்கிவிட்டு சிவநேசன் அண்ணை வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது. மொழிபெயர்க்கும் குடும்பங்களோடு வெளியில் தொடர்பு இருக்கக் கூடாது. போனேன்.

மாலினி பிளேன்ரீ தந்தா. முதற் சில நாட்கள் பிள்ளையைத் தன்னோடு கந்தோருக்குக் கூட்டிப்போனாவாம். மேற்பார்வையாளர் கண்டு, வயது காணாத பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார். தாள்கள் வந்திருக்கின்றன. கணக்கில் ஒரு புதுப் பாடம். அண்ணை இரண்டு பின்னேரம் இருந்து பார்த்தார், அவருக்கும் விளங்கவில்லை. மே மாதம் ஹரிணி ஒரு மருந்துக்கடையில் ஒரு கிழமை தொழில் பழகிப் பார்க்க இருந்தவள். அது வகுப்பு மூலம் ஒழுங்கு செய்தது. வகுப்பில் இல்லாதவளுக்கு அதுவும் இல்லையாம். அந்தக் கடைக்காரருக்குப் பிடித்தால் பிறகு தொழிற்பயிற்சிக்கும் எடுப்பார் என்று நம்பியிருந்தார்கள்.

ஹரிணி அறையிலிருந்து வந்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று சும்மா கேட்டேன். வழக்கம் போலத்தானாம். புத்தகப்பை கொளுவிக்கொண்டு வெளியே போகிறாள், பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்புகிறாள். ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று மேல்மாடித் தமிழ்க் குடும்பம் கேட்கக் கூடாது என்று அப்பா சொன்னவராம்.

எங்கே போகிறாய்?

ட்ராமில். ஏழாம் இலக்கத்தில் மறு அந்தத்துக்குப் போய், பிறகு திரும்பி. பிறகு இன்னொரு தரம்.

"இப்ப எனக்கு ட்ரைவர்மாரின்ர முகமெல்லாம் தெரியும் அன்ரி."

மாலினி குசினிக்குள் போய்விட்டா. அவவுக்கும் இது புதுச் செய்தி என்று நினைக்கிறேன்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது ஹரிணி மெதுவாகச் சொன்னாள், "நீங்கள் அண்டைக்கு வடிவாய்க் கதைச்சனீங்கள். அதிபர் சொன்னதிலும் பாக்க நீங்கள் சொல்லேக்க நல்லாயிருந்தது." குத்தலாகச் சொன்னாளா, உண்மையாகவா? வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை.

உறுப்பினர் கேட்டதைக் கேட்க வாய் வரவில்லை. மறந்துபோய், வாங்கின மரக்கறியில் கோவாவையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

கோயிலில் சிவநேசன் அண்ணை தனியாக. மாலினியும் பிள்ளையும் எங்கே என்று யாரோ கேட்க, எம்மன்புரூக்கேயில் சகோதரி வீட்டில் என்றார். என்னைக் கண்டதும் கண்ணை எடுத்துவிட்டார்.

வெளியே, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் கேட்டேன். பெயரை மாற்றலாம், முகம் தெரியாமல் எடுப்பார்கள், பிள்ளைக்காக இல்லாவிட்டாலும் வரும் பிள்ளைகளுக்காக. பி. சொல்லித் தந்த வசனங்கள்தான். சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் சேர்த்து. நேர்முகம் இந்த வருஷம் வரும். அதில் பிள்ளையின் பள்ளி பற்றியும் கேட்பார்களாம்.

"இவ்வளவு காலம் ஒரு சத்தமும் போடாமல் இருந்திட்டம். இப்ப சத்தம் போடச் சொல்லுறியளோ, தங்கச்சி?"

அண்ணைக்குப் பிரசாதம் கொடுத்து அனுப்பினேன், மாலினிக்கென்று இன்னொன்றும்.

பி.க்குத் தொலைபேசியில் சொன்னேன். வேறு குடும்பம் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான். கதைக்கக் கூடியவர்களுக்கு இது நடப்பதில்லை. நடப்பவர்களால் கதைக்க முடிவதில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

ரவிக்குக் காய்ச்சல். ரசம். பல் வைத்தியரைத் தள்ளிப்போட வேண்டும்.

மொழிபெயர்ப்புகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பாளர் வரச் சொன்னார். மேசையில் அந்தப் படம், சதுக்கத்தில் எடுத்தது. பி. இணையத்தில் போட்டிருக்கிறார், கீழே எல்லோருடைய பெயரும். பள்ளி ஒன்று பார்த்துவிட்டுக் கேட்டதாம். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொறுப்பாளர் நல்லவர், பல வருஷப் பழக்கம். என் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் மேசையில் இருப்பவர் ஒரு பக்கமாக நிற்கிறார் என்று பள்ளி நினைத்தால் வேலை நடக்காது. குழுவிலிருந்து விலகுவதாக நாலு வரி எழுதித் தந்தால் போதும், எல்லாம் பழையபடி.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். படியில் இறங்கும்போதே தெரியும், எழுதமாட்டேன். வீரம் ஒன்றுமில்லை. அந்த "நாங்கள்" என்ற சொல்லை இன்னொரு தரம் வாயில் எடுக்க முடியும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் மின்னஞ்சலில் பதில் அனுப்பினேன். உடனே வந்தது: ஆஸ்பத்திரி வேலைகள் தொடரும், பள்ளிகள் இப்போதைக்கு இல்லை.

ரவிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

மழை, மழை. கன்டோன் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரை பி.யும் நானும் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். இளம் பெண், கைக்குழந்தையோடு வந்திருந்தா. எங்கள் பக்கம்தான். ஆனால் ஆசிரியர்கள் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறார்கள், இருக்கும் ஒரே ஆயுதத்தையும் பறிக்கிறீர்கள் என்பார்கள், இப்போது கொண்டுபோனால் தோற்கும், தோற்றால் பல வருஷத்துக்குத் திரும்பத் தொட முடியாது என்றா. மேலே கேட்டால் கன்டோன். கன்டோனில் கேட்டால் காலம் சரியில்லை, நகரத்தையும் பள்ளியையும் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் கேட்டால் சட்டம் அப்படி.

யாரும் கெட்டவர்கள் இல்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மே 22, புதன்

மார்ச்சில் சந்தித்த உறுப்பினரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பி. வாசித்துக் காட்டினார். பள்ளி கன்டோன்களுக்குரியது, தலையிட அவசியம் காணவில்லை. கோப்பி குடிக்கும்போது அவர் சொன்னது போலவே, சொற்கள் மட்டும் இன்னும் அழகு.

பி. அழுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அடுத்ததாக யாருக்கு எழுதுவது என்று கேட்டார். கூட்டத்துக்கு இப்போது நாலு பேர்தான் வருகிறோம்.

ட்ராமில் வரும்போது ஒவ்வொரு பெட்டியாக ஹரிணியைத் தேடினேன். இல்லை. நல்லதா, கெட்டதா?

வாங்க: அரிசி, பல்பு, ரவியின் மாத்திரை.

ஜூன் 3, திங்கள்

சரியான வெக்கை. ஜன்னல்கள் எல்லாம் திறந்து. காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு வயதானவருக்கு மொழிபெயர்ப்பு, சர்க்கரை வியாதி, சுலபம்.

பின்னேரம் மாலினி தொலைபேசி எடுத்தா. ஹரிணி இன்று வகுப்புக்குத் திரும்பிவிட்டாளாம். சந்தோஷம் என்றேன். அதற்கு முதல், காலையில், அதிபரோடு ஒரு கூட்டம் நடந்ததாம், நிபந்தனைகள் பற்றி. மொழிபெயர்க்க ஒருவரும் கிடைக்கவில்லை. அதிபர் மன்னிப்புக் கேட்டாராம். நாளைத் தள்ளிவைத்தால் வகுப்பும் தள்ளிப்போகும் என்றபடியால் பிள்ளையே மொழிபெயர்த்தாளாம்.

தன்னைப் பற்றியேவா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. நடுவில இருந்து."

அதிபர் கன நேரம் கதைத்தார், தாளைப் பார்த்துப் பார்த்து. வகுப்பாசிரியையும் கதைத்தா. அண்ணை பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஹரிணி என்ன சொன்னவள்?

"எல்லாம் முடிஞ்சு அவள் ரெண்டு வசனம்தான் சொன்னவள், அக்கா. 'ஒண்டுமில்லை அப்பா. நல்ல பிள்ளையா இருக்கட்டாம்' எண்டு. அவை ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் அதையோ சொன்னவை?"

எனக்குத் தெரியாது என்றேன். நான் அங்கே இருக்கவில்லை.