நாலேகால் மணிக் குளிர்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

கறம்பக்குடி ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறி மிதித்தால்தான் காய் உடையும், அதற்காகத்தான் போடுவது. பஸ் ஏறிப் போனது, டிராக்டர் ஏறிப் போனது. என் வண்டி மட்டும் அதை ஏதோ மலை என்று நினைத்துக்கொண்டு தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஞானமணி டீச்சரின் டிபன் பாக்ஸ் பறந்து போய் முன்கண்ணாடியில் மோதியது. ஓரத்தில் நின்ற ஒரு அம்மா, "மிதிச்சிட்டுப் போங்க டீச்சர். இம்புட்டுப் பெரிய வண்டி, இதுக்குப் போயி பயப்படுது" என்று சிரித்தது.

பொங்கல் முடிந்து வந்த வண்டி. வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தபடியே புக் பண்ணினார். கியர் மாற்ற வேண்டாம், "ஒனக்கு லேசா இருக்கும்" என்றார். அங்கே ஒரு வீட்டில் டிரைவர் வேலை அவருக்கு. இருபது வருடமாக வண்டியோடு வாழ்கிற மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் ஓட்டப் பழகியது போன வருடம், நாற்பத்தேழு வயதில். கணக்கு டீச்சர் எட்டுப் போட்டதை ஆலங்குடியே நின்று பார்த்தது.

இன்னொன்று. ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் வண்டி கீகீ என்று கத்துகிறது. எங்கள் ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது? இருக்கிற இடத்தில் மாடு நிற்கிறது. "அத அமத்தி வைங்க டீச்சர், காது போகுது" என்றாள் ஞானமணி. அமத்தப் பட்டன் இருக்கிறது. நான் தொடவில்லை. கத்தட்டுமே. கத்துகிறது என்பதற்காக நான் எதையும் மாற்றுவதாக இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

திரையில் சிவப்பாக, முன் கேமரா மறைந்திருக்கிறது என்று வந்தது. இறங்கிப் பார்த்தால் கண்ணாடிக்கு உச்சியில், கேமராவுக்கு நேராக, உள்ளங்கை அகலம் சந்தனம். நடுவில் குங்குமம். அவர் அண்ணன் பெரியகருப்பன் காலையில் அய்யனார் கோவில் பூசைக்குப் போய் வந்தவர், நெற்றி என்று நினைத்து அங்கே அப்பியிருக்கிறார். வண்டிக்கு அதுதான் கண் என்று சொன்னேன். "கண்ணுக்கு மேலதானத்தா பொட்டு வப்பாக" என்றார். கேமராவுக்கு நேரே இருந்ததை மட்டும் துடைத்தேன்.

போகும்போது விஷயத்துக்கு வந்தார். "இதெல்லாம் பொம்பளைக்கு அடங்குற வண்டி இல்லத்தா. நம்ம திருமுருகன் சும்மாதான் கெடக்கான். டிரைவரா வச்சுக்க." திருமுருகன் அவர் மச்சினன் மகன். சும்மா கிடப்பது உண்மைதான், அதை நன்றாகச் செய்கிறான்.

இருபது வருடம் ரெண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனேன். ஆஸ்பத்திரி என்றாலும் கல்யாணம் என்றாலும், "பைக்க எடுக்குறீங்களா" என்று பெரியகருப்பன் வாசலில் போய் நின்றேன். இப்போது போக வேண்டிய இடத்துக்கு நானே போகிறேன். இந்த ஸ்டியரிங்கை மட்டும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

பிப்ரவரி 19, புதன்

நாலேகாலுக்குப் பெல் அடித்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது. சாவி என் கைப்பையில். இன்ஜின் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது. ஞானமணி சிலுவை போட்டுக்கொண்டாள். "உள்ள யாரும் இருக்காங்களா பாருங்க டீச்சர்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்தால் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. காலையில் அணைக்க மறந்தேனா? அப்படியானால் பெட்ரோல் முள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஆகவே மறக்கவில்லை. பிறகு?

சாயங்காலம் அவரிடம் போனில் சொன்னேன். "அப்படியா" என்றார். பிறகு, "உள்ள குளுகுளுன்னு இருந்துச்சா?" என்றார். நான் பேய் ஓட்டுகிற இன்ஜினைப் பற்றிச் சொல்கிறேன், இவருக்குக் குளிர் முக்கியம்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கும்.

மார்ச் 1, சனி

புதுக்கோட்டை சர்வீஸ் சென்டர். நாகராசு என்ற தம்பி லேப்டாப்பைச் சொருகி ரொம்ப நேரம் பார்த்தான். "ஒரு ஃபால்ட்டும் காட்டல மேடம். வண்டி சுத்தமா இருக்கு" என்றான். உனக்குக் காட்டாவிட்டால் என்ன தம்பி, எனக்குக் காட்டுகிறதே. காபி கொடுத்தார்கள், காபி நன்றாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் கொட்டகையில் நின்ற வண்டி தானாக ஹாரன் அடித்தது. லைட் எல்லாம் கண் சிமிட்டியது. தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பெரியகருப்பன் எலுமிச்சம்பழத்தோடு வந்து, நாலு சக்கரத்துக்கும் வைத்து, நசுக்கச் சொன்னார். நசுக்கினேன். "நாளைக்கே தம்பிகிட்டப் பேசுறேன். ஆம்பள கைக்குப் போனாத்தான் இது அடங்கும்" என்றார். கூட்டத்தில் யாரோ ஆமாம் போட்டார்கள்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சத்தம் நல்லாக் கேட்டுச்சா?" என்றார். என்ன கேள்வி இது?

மார்ச் 12, புதன்

காய்ச்சல். லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் ஓயாமல் போன் அடிப்பார். நாலேகாலுக்குக் கொட்டகையில் வண்டி தானாகக் கிளம்பியது. கம்பளியைப் போர்த்திக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஏசி.

படுத்துக்கொண்டே யோசித்தேன். சனி, ஞாயிறுகளில் நாலேகாலுக்கு ஒன்றும் நடப்பதில்லை. பள்ளிக்கூட நாளில் மட்டும், பெல் அடிக்கிற நேரத்துக்கு மட்டும். வயர் கோளாறுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? ஆனால் எனக்குக் காய்ச்சல் என்பது தெரியவில்லை. இது கோளாறு இல்லை. என்னை அறிந்த, ஆனால் இன்றைக்கு என்னைப் பார்க்காத ஒன்று. எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்றைக்கு வண்டி செத்துப் போனது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு, எனக்கு வெளியூர்ப் பள்ளியில் அறைக் கண்காணிப்பு. பட்டனை அமுக்கினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது. மூணு மாதம் ஆகாத பேட்டரி. பஸ்ஸைப் பிடித்து, இறங்கி ஓடி, கேள்வித்தாள் பிரிக்கிற நேரத்தில் போய் நின்றேன். தலைமைக் கண்காணிப்பாளர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். இத்தனை வருட சர்வீஸில் அந்தப் பார்வை எனக்குப் புதுசு.

சாயங்காலம் அவர் போன். அண்ணன் முந்திக்கொண்டு எல்லாம் சொல்லியிருக்கிறார். "அமுதா, கொஞ்ச நாளைக்கு திருமுருகன வச்சுக்கயேன்" என்றார்.

இவரும்.

ஏப்ரல் 5, சனி

பெரியகருப்பன் வண்டியை ஆள் வைத்துக் கிளப்பிக் கொடுத்தார். நானே ஓட்டிக்கொண்டு நாகராசுவிடம் போனேன். ஏறும்போதே கேட்டுவிட வேண்டும் என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன்: "தம்பி, சாவி இல்லாம, வெளியில இருந்து இத யாராச்சும் கிளப்ப முடியுமா?"

"போன்ல இருந்து கிளப்பலாமே மேடம். ஆப் இருக்குல்ல. ஏசி போடலாம், ஹாரன் அடிக்கலாம், எங்க நிக்குதுன்னு பாக்கலாம். எந்த ஊர்ல இருந்தும் செய்யலாம். புக் பண்ணுன நம்பருக்குத்தான் அது போகும். ஒங்க போன்ல இல்லையா?"

இல்லை. புக் பண்ணின நம்பர் குவைத் நம்பர்.

"பேட்டரி எப்படித் தம்பி இறங்குச்சு?"

"நிறுத்துன வண்டி தூங்கணும் மேடம். ஒவ்வொரு தடவ ஆப்பத் தொறக்கும்போதும் வண்டி முழிச்சுப் பாக்கும். யாரோ ராப்பகலா எழுப்பிக்கிட்டே இருந்திருக்காங்க."

வீடு வருகிற வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன். உடனே போன் போட்டேன்.

எத்தன தடவ சொன்னேன் இந்த மனுசன்கிட்ட! பேயிங்கிறேன், ஃபால்ட்டுங்கிறேன், ஊரே சிரிக்குதுங்கிறேன் – வாயத் தொறக்கலையே. எலுமிச்சம்பழம் நசுக்க விட்டாரே என்னய. அதுக்கு மேல, திருமுருகன வச்சுக்கன்னு யோசனை வேற! அப்படியே கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் இப்படிச் சத்தம் போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிறகு சொன்னார்.

"இங்க மேடம் ஆபீஸ விட்டு வர்றதுக்கு முன்னாடி வண்டியக் குளுகுளுன்னு வச்சிருக்கணும். அதுதான் என் வேல. இருபது வருசமா அந்தப் பொம்பளைக்கு வச்சிருக்கேன். ஒனக்கு ஒரு நாளும் வச்சதில்ல. அங்க நாலேகாலுன்னா இங்க ஒண்ணே முக்காலு. அந்த வண்டில ஏசியப் போட்டுட்டு, அப்பிடியே ஒன் வண்டிலயும் போட்டேன். நீ சந்தோசமா சொல்லுவன்னு பாத்தேன். நீ பேயின்ன. பெறகு எப்பிடிச் சொல்றது?"

ஹாரன்? கை தெரியாமல் பட்டதாம். ராப்பகலாகப் பார்த்தது? "சும்மாதான். எங்க நிக்குதுன்னு பாப்பேன். வீட்டுலதான் நிக்கும். நம்ம வீடு அதுல சின்னதா தெரியும்."

திருமுருகன்?

"தெனம் அண்ணன் பேசுறாரு... ஒனக்குக் கஷ்டமா இருக்கேன்னுட்டு..."

"எனக்குக் கஷ்டத்தக் குடுத்ததே நீங்கதான். ஸ்டியரிங்க நான் குடுக்க மாட்டேன். ஆப்ப அழிச்சிருங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அனல். வேப்பமரத்து நிழல் நகர்ந்து, வண்டி முழு வெயிலில் நின்றது. கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, முந்தானையால் பிடித்துக்கொண்டு திருப்பினேன். ஞானமணி ஏறாமல் வெளியிலேயே நின்று விசிறிக்கொண்டாள். "என்ன டீச்சர், ரெண்டு வாரமா ஃபால்ட்டே வரல? அது இருந்தப்ப நல்லா இருந்துச்சு."

அவர் தினமும் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. சொன்னபடியே ஆப்பை அழித்துவிட்டார் போலிருக்கிறது. இவ்வளவு சொல்பேச்சுக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

மே 21, புதன்

நாகராசுவிடம் போய் நம்பரை மாற்றி, ஆப்பை என் போனில் போட்டுக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தேன். கொட்டகையில் வண்டி எழுந்தது. திரையில் சின்னதாக எங்கள் வீடு, சுற்றிலும் தெரு. இதையா பார்த்துக்கொண்டிருந்தார் இந்த மனுஷன்?

ஜூன் 8, ஞாயிறு

அவர் முதலாளி குடும்பம் வெளிநாடு போகிறதாம். இவருக்கு லீவு. சனிக்கிழமை மத்தியானம் திருச்சி ஏர்போர்ட். பெரியகருப்பன் வந்து, "திருமுருகன் ஓட்டிட்டு வரட்டும். திரும்பி வாரப்ப தம்பியே ஓட்டிக்கிருவான். நீ பின்னால சாஞ்சுக்கத்தா" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் தனியாகப் போகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. அவர் வந்து சாவியைக் கேட்டால்? இருபது வருடம் ஓட்டியவர். அவர் பார்த்துத் தேடி வாங்கிய வண்டி. கொடுக்க மாட்டேன் என்று போனில் சொல்வது சுலபம். முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஒரு தடவை கொடுத்தால், அவர் திரும்பிப் போன பிறகு சாவி திருமுருகனிடம்தான் போகும். இந்த வீட்டை எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

திருச்சிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். டோல்கேட்டில் மட்டும் கொஞ்சம் திணறினேன்.

வெளியே வந்தார். முன் தலையில் முடி இல்லை, வீடியோவில் இது தெரியவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "நீயா ஓட்டிட்டு வந்த? தனியாவா?" என்று ரெண்டு தடவை கேட்டார். வெயில் கொளுத்தியது. வண்டி தூரத்தில் நின்றது. கைப்பைக்குள் கையை விட்டு நான் போனில் ஒரு அமுக்கு அமுக்கியதை அவர் பார்க்கவில்லை.

வண்டியை முதன்முதலாகப் பார்க்கிறார். சுற்றி வந்தார். ஏர்போர்ட் இரைச்சலில் இன்ஜின் ஓடுவது அவருக்குக் கேட்கவில்லை. பானட்டைத் தடவிக் கொடுத்தார். உச்சியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு கையை நீட்டினார். "சாவியக் குடு. நான் எடுக்குறேன்."

கொடுத்துவிட்டேன். அவ்வளவு வீராப்பும் ஒரு நொடி நிற்கவில்லை. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாவியோடு நேராக நடந்து போய், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கை ரெண்டும் முன்னால் போனது. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. குவைத்தில் ஸ்டியரிங் இடது பக்கம். கால் கூட பிரேக்கைத் தேடியது, நான் பார்த்தேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெறும் கையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "இருபது வருசம்" என்றார், "நம்ம ஊரு வண்டில எந்தப் பக்கம் ஏறுறதுன்னு மறந்து போச்சு அமுதா."

பிறகு அந்தப் பக்கமிருந்தே சாவியை நீட்டினார். "நீயே எடு."

வலது பக்கம் ஏறினேன். கண்ணாடியைச் சரி பண்ணினேன். பெல்ட்டைப் போட்டேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏசி வாயில் கையை வைத்துப் பார்த்தார். "உள்ள குளுகுளுன்னு இருக்கே. வண்டி வெயில்லதான நின்னுச்சு?"

"ஏதோ ஃபால்ட்டு. சர்வீஸ்ல காட்டணும்" என்றேன்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கீரனூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அதற்கு மேல் ரோட்டில் நல்ல கோடு போட்டிருக்கிறார்கள். ஓரமாக நிறுத்தி, கோடு தாண்டினால் கத்துகிற அந்த அலாரத்தை அமத்திவிட்டு, மறுபடி எடுத்தேன்.