மனிசியிடம் ஐந்து தரம் கேட்கிறவன்

யூலை 2, திங்கள்

தென்மேற்கால் அடிக்கிற சோளகக் காற்று. விடியவே தொடங்கிவிட்டது. கடல் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது, வங்காலையில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. இது காற்றும் கடலும் எழுதுகிற கொப்பி. இன்றைக்கு வேறொரு விஷயமும் எழுத வேண்டியிருக்கிறது.

நானாட்டானில் இருந்து ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள். பெயர் பஸ்மிலா. முசலிப் பக்கம், வளர்ந்தது புத்தளம், இப்போது திரும்பி வந்திருக்கிறார்களாம். எங்களைப்போலத்தான். மீளக்குடியேறிய தாய்மார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கியதில் என் மனிசி ஜெசிந்தாவின் பெயர் விழுந்திருக்கிறது. (இனி ஜெ.) மூன்று கிழமைக்கு அவள் கையில் ஒரு போன்.

போன் ஒரு நாளைக்கு ஐந்து தரம் அடிக்கும். எப்போது என்று முன்கூட்டித் தெரியாது. தெரிந்தால் ஆட்கள் ஆயத்தம் பண்ணிவிடுவார்களாம். அடித்ததும் ஒரு குரல் கேள்வி கேட்கும், பிறகு படங்கள் வரும்: சோறு, மீன், முட்டை, கீரை, பருப்பு, பால், பழம். கடைசியில் ஒரு வெறும் சாப்பாட்டுக் கோப்பை. சாப்பிட்டதைத் தொட வேண்டும். ஒன்றும் சாப்பிடாவிட்டால் வெறுங்கோப்பையைத் தொட வேண்டும்.

வீட்டுக்காரனுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். அம்மாமாருக்கு மட்டும்தானாம். சரி. எனக்கென்ன.

பின்னேரம் வலையில் நாலு பொத்தல் பொத்தினேன்.

யூலை 3, செவ்வாய்

காற்று அப்படியே. கடல் இல்லை.

போன் அடித்த நேரங்கள், சும்மா குறித்தது: 7.40, 10.05, 1.50, 4.30, 7.15.

அது ஆம்பிளைக் குரல். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. "வணக்கம். கடந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" எண்ணெய் தடவின குரல். அவசரமே இல்லை அவனுக்கு.

ஆர் உது என்றேன். மெசினாம். மெசினுக்குத் தொண்டை இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு விஷயம் வெளியே வந்தது: கம்பசில் படிக்கிற ஒரு பொடியன் பேசிப் பதிவு செய்து கொடுத்ததாம். அப்போ மெசின் இல்லை. பொடியன்.

ஜெ. போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போகிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு தொடுகிறாள். எட்டிப் பார்ப்பதற்குள் படம் மறைந்துவிடுகிறது.

மத்தியானம் சூடைமீன் குழம்பு, சோறு. நன்றாக இருந்தது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

யூலை 5, வியாழன்

கொஞ்சம் தணிந்தது மாதிரி இருந்தது. நம்பி, கரையில் வலை வைக்கிற வாடிக்குப் போனேன். பத்து மணிக்குத் திரும்பவும் பிடித்துவிட்டது.

வாடியில் சவிரிமுத்து. என் மச்சான் முறை, வாய் சும்மா கிடக்காது. உன்ர மனிசிக்கு நாளுக்கு ஐஞ்சு கோல் வருதாமே, நீ கலியாணம் முடிச்ச காலத்தில கிழமைக்கு ஒரு கடிதமாவது குடுத்தனியோ என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அவனவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எங்களுக்கு இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் கலியாணம். அவள் இருந்த லைன் வீடுகள் எங்கள் லைனுக்கு அடுத்தது. கடிதம் எதற்கு? சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே குரல் கேட்டது. "வணக்கம்." ஏதோ தன்ர வீடு மாதிரி.

யூலை 8, ஞாயிறு

பூசைக்கு மூன்று பேரும். மகள் டிலானிக்குப் புதுச் சட்டை, நீளம் காணாது.

சுவாமி பிரசங்கத்தில் நிற்கும்போது ஜெ.யின் கைப்பை நடுங்கியது. எழும்பி வெளியே போய்விட்டாள். நான் கடலில் இருந்து போன் எடுத்தால் மூன்றாம் தரம்தான் எடுப்பாள், அடுப்பில் வேலை என்பாள். இவனுக்கு ஆண்டவரையே நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறாள். இருக்கையில் எனக்கு முள் குத்தினது. சுவாமி என்ன சொன்னார் என்று ஒரு சொல் நினைவில்லை.

முடிந்து வெளியே வந்தால், கோயில் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். முகம் வெளிறி. என்ன என்றேன். வெயிலாம். கோபத்தில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

யூலை 10, செவ்வாய்

காற்று. குசினித் தகரம் இரண்டு ஆணி கழன்றுவிட்டது.

காலையில் போன் அடித்ததை ஜெ. தவறவிட்டாள். தவறினால் பஸ்மிலா நேரே எடுத்துக் கேட்பாளாம். எடுத்தாள். ஜெ. குசினிக்குள் நின்று கதைத்தாள், கதைத்தாள், ஒரு கால்மணி. தகரம் அடிக்கிற சத்தத்தில் சொல் விளங்கவில்லை. குரல் விளங்கியது. எனக்குத் தெரியாத குரல். பதினாலு வருசம் ஒரு வீட்டில் இருக்கிறேன், அந்தக் குரலில் அவள் என்னோடு ஒரு நாள் கதைத்ததில்லை. ஒரு இடத்தில் சிரித்தாள்கூட.

வெளியே வந்ததும், என்ன இவ்வளவு கதை என்றேன்.

ஒண்டுமில்லை என்றாள்.

இந்த ஒண்டுமில்லை எனக்கு. அந்தக் கால்மணி நேரம் அவர்களுக்கு. எரிகிறது. மறைத்து என்ன, என் கொப்பிதானே.

யூலை 11, புதன்

ஜெ. மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். டிலானி பள்ளியில். போன் சார்ஜில்.

11.20. அடித்தது. "வணக்கம்." விட்டுவிடத்தான் நினைத்தேன். இரண்டாம் தரமும் வணக்கம் வைத்தான். கடந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் என்ன சாப்பிட்டாளாம். என் வீட்டில், என் மனிசியை.

எடுத்தேன். தொட்டேன். சோறு, மீன், முட்டை, பால், பழம், கீரை, பருப்பு. வெறுங்கோப்பையைத் தவிர எல்லாம். பார்க்கட்டும் அவன், வங்காலையான் பெண்சாதியை எப்படி வைத்திருக்கிறான் என்று. "நன்றி" என்றான். வாயடைத்துப் போயிருப்பான்.

ஒரு கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் மனம் கொஞ்சம் ஆறியது.

யூலை 13, வெள்ளி

நேற்றும் தொட்டேன், இன்றைக்கும் தொட்டேன். அவள் தண்ணிக்குப் போகிற நேரம், கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போகிற நேரம். நேற்று மூன்று தரம். விசர் வேலைதான், தெரியும். ஆனால் கை போகிறது. பழத்தை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுதான் விழுந்தது.

ஜெ.க்குத் தெரியாது. போன் இப்போது குறைவாக அடிக்கிறது என்று டிலானியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு ஏக்கம் இருந்ததா? இருந்த மாதிரி.

யூலை 16, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

பஸ்மிலா வந்தாள். முற்றத்துக் கதிரையில் இருந்து, ஜெ.யின் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தோசமாகத்தான் சொன்னாள். முதல் கிழமை அக்காவின் பதிவு முழுக்க வெறுங்கோப்பையாம். காலையில் தேத்தண்ணி, பிறகு பின்னேரம் வரைக்கும் ஒன்றும் இல்லை. சில நாளில் அதற்குப் பிறகும் இல்லை. பயந்துபோய், வெள்ளிக்கிழமை மன்னார் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சோதிக்க வானில் கூட்டிப்போகிற ஆட்களின் பட்டியலில் அக்காவின் பெயரைப் போட்டிருந்தாளாம். போன கிழமை அக்கா வடிவாகச் சாப்பிட்டபடியால் பெயரை எடுத்துவிட்டாள். இடங்கள் குறைவு, மோசமான ஆட்களுக்குத்தான்.

"முட்டை, பால், பழம் எல்லாம் சாப்பிட்டிருக்கீங்க, அக்கா. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?"

ஜெ. பஸ்மிலாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன்.

"ஓம் தங்கச்சி," என்றாள். "சாப்பிட்டனான்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் கொல்கிறது.

பிள்ளை போனபிறகு கத்தினேன். குற்றம் செய்தவன் நான், கத்தினதும் நான். என்ர வீட்டில சோறு இல்லையோ, ஊருக்கு என்னைப் பிச்சைக்காரன் ஆக்கினியோ என்று. அவள் சட்டி தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள். சோறு இருக்கிறதாம். காற்றுக்காலத்தில் அளவாகத்தான் போடுகிறாளாம். எனக்கும் பிள்ளைக்கும் போட்டு, நான் இரண்டாம் தரம் கேட்டால் அதுவும் போட்டு, பிறகு பார்த்தால் தனக்குப் பசி போய்விடுமாம். முகாமிலேயே பழகினதாம்.

அப்ப எனக்கேன் சொல்லேல்லை என்றேன்.

"கேட்டவர், சொன்னனான்."

கேட்டவராம். அவனுக்கு மரியாதை வேறு.

யூலை 17, செவ்வாய்

காற்றைப் பற்றி எழுதவில்லை. அடித்தது.

ஜெ. சாப்பிட்டு நான் கண்ட நாட்கள்:
கலியாணத்தன்று, கேக் ஒரு துண்டு. நான்தான் ஊட்டினேன், படம் எடுக்க.
ஊருக்குத் திரும்பி வந்த அன்று, பஸ்ஸில், பணிஸ் பாதி.
டிலானி கோயிலில் முதல் நன்மை வாங்கின அன்று, விருந்து. கோப்பையோடு நின்றாள். சாப்பிட்டாளா என்று தெரியாது.

வேறு ஞாபகம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்து யோசித்தேன். பஸ்மிலாவுக்கு ஒரு கிழமையில் தெரிந்தது. அந்த எண்ணெய்த் தொண்டைக்குத் தெரியும். சவிரிமுத்துவுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மத்தியானம் சோற்றை மூன்றாய்ப் பிரித்து, குசினிக்குள்ளேயே சப்பாணி கட்டி இருந்தேன். நீ சாப்பிடு, நான் பார்க்கவேணும் என்றேன். அவள் பானையைக் கழுவினாள். மிளகாயைப் புடைத்தாள். முற்றம் கூட்டினாள். கடைசியில் வந்து நின்று, "நீங்கள் எழும்பிப் போங்கோ. பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தொண்டையால இறங்காது," என்றாள்.

எழும்பினேன். பின்னேரம் பார்த்தால் அந்தச் சோறு டிலானியின் கோப்பையில்.

4.10க்குப் போன் அடித்தது. போனோடு குசினிக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் முதுகு அதே முதுகு.

யூலை 18, புதன்

ஜெ. தண்ணி பைப்படியில் விழுந்துவிட்டாள். டிலானிதான் ஓடிவந்து கூப்பிட்டது. போகிறேன், குடம் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். பக்கத்து வீட்டு மனிசி முகத்தில் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தா. தூக்கினேன். பாரமே இல்லை. நனைந்த வலைகூட இதைவிடப் பாரம்.

கண்ணைத் திறந்ததும் சொன்னாள், கல்லுத் தடக்கினதாம். அந்த இடத்தில் கல் இல்லை. மணல்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். காற்று விழட்டும், கடல் திறக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றாள். டிலானி அழுதது. என்ன செய்தும் அசையவில்லை. தன் பெயரை வெட்டிவிட்டார்கள், வெட்டினதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றாள். வெட்டினது யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வான் வெள்ளிக்கிழமை, நாளையன்றைக்கு.

யூலை 19, வியாழன்

காலை பஸ்ஸில் நானாட்டான். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். எஞ்ஜினுக்குப் பிளக் வாங்கப் போறன் என்று ஜெ.யிடம் பொய்.

அவர்களின் ஆராய்ச்சிக் கந்தோர் என்பது ஒரு கடைக்கு மேலே ஒரு அறை. பஸ்மிலா மட்டும் இருந்தாள். தேத்தண்ணி தந்தாள். குடித்து முடித்து, கோப்பையைத் துடைத்து வைத்தேன். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த மூண்டு நாளும் தொட்டது ஜெசிந்தா இல்லைப் பிள்ளை. நான்."

ஏன் அண்ணன் என்றாள். பொறாமை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. விசர் என்றேன். எங்கள் வீட்டில் என் மனிசி சாப்பிடுவதில்லை, அது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். இதைச் சொல்வதைவிட நடுக்கடலில் எஞ்ஜின் நிற்கலாம்.

பிள்ளை ஏசவில்லை. மூன்று நாள் பதிவையும் அழித்தாள். வானில் ஒரு இடம் இருக்கிறது என்றாள், ஆனால் அழித்த பதிவை வைத்துப் பெயர் போட முடியாதாம். இன்றைய பதிவு ஒன்று வேண்டும், அது அக்கா தன் வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். தன் போனில் ஜெ.யின் இலக்கத்தை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ." அந்தக் குரல். தகரத்துக்குப் பின்னால் கேட்ட அதே குரல், இப்போது ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது.

பஸ்மிலா கேட்டாள், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று.

"காலமை ஒரு பிளேன்டீ. அவ்வளவுதான் தங்கச்சி. நேற்றும் ஒண்டும் இறங்கேல்லை. தலை சுத்திக்கொண்டே கிடக்கு, எழும்ப ஏலாமல் இருக்கிறன். எனக்குப் பயமாக் கிடக்கு. அவருக்குச் சொல்லாதேங்கோ."

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. போனுக்குக் கிட்டப் போய், "ஜெசிந்தா, நான்தான்," என்றேன்.

அந்தப் பக்கம் தகரம் மட்டும் அடித்தது. பிறகு அவள் பேசினாள். எனக்குத் தெரிந்த குரல்.

"நான் சாப்பிட்டனான். வயிறு முட்டச் சாப்பிட்டுத்தான் படுத்திருக்கிறன். பிளக் கிடைச்சதோ?"

பஸ்மிலா என்னைப் பார்த்தாள். எதைப் பதிய என்று மெதுவாகக் கேட்டாள்.

முதலில் சொன்னதைப் பதியச் சொன்னேன்.