பெரிய வியாழன் துவாய்

சபையில் கால் கழுவித் துடைக்கிற உன் வெள்ளைத் துவாயைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இன்று பெரிய வெள்ளி. நேற்றுப் பின்னேரம் அதை அலுமாரியிலிருந்து எடுத்தபோது, போன வருடம் நீ மடித்துவைத்த மடிப்பு அப்படியே இருந்தது. பூச்சியுருண்டை மணத்துக்கு அடியில் உன் சவர்க்கார மணம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எடியே, இப்ப நான் என்ன செய்யிறது?" என்று அலுமாரியைப் பார்த்தே கேட்டுவிட்டேன்.

மாரி மழையோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, நீ நடத்திவந்த சபையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போதகர் வவுனியாவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, நோயாளி வீட்டுக்குப் போவது, கோபித்துக்கொண்ட இரண்டு குடும்பங்களை ஒரே பாயில் இருத்துவது எல்லாம் இப்போது நான். ஒரே வீட்டில் என்னோடு இருந்த சிநேகிதி, உனக்குத் தெரியாததா? மாதர் சங்கத்தில் சத்தம் போட்டு வேலை வாங்கத்தான் எனக்கு வரும்.

வேதத்தில் எனக்குப் பிடித்த தலைவர் நெகேமியா. இடிந்து கிடந்த எருசலேம் மதிலைச் சுற்றிப் பார்த்தார், ஆளுக்கொரு பக்கம் பிரித்துக் கொடுத்தார், கட்டி முடித்தார். யுத்தம் முடிந்து, இடிந்து கிடந்த ஊருக்குத் திரும்பி வந்த எங்களுக்கு வேறு யாரைப் பிடிக்கும்? நீயோ, ஆண்டவர் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவிய இடத்தை விட்டு அசையமாட்டாய். வாய்க்கால் துப்புரவுக்கு ஆட்களை விரட்டிவிட்டு நான் களைத்து வந்தால், "என்ன நெகேமியா, மதில் முடிஞ்சுதோ?" என்று குசினிக்குள் அடுப்படியில் இருந்து சிரிப்பாய்.

"நீ குனிஞ்சுகொண்டே இரு. எல்லாரும் உன்ர முதுகில ஏறிப் போகட்டும்" என்பேன் நான்.

"போகட்டுமன். முதலில குனியிறவர்தானடி தலைவர்" என்பாய்.

போன வருடப் பெரிய வியாழன் கால்கழுவும் ஆராதனையை நான் மறக்கவில்லை. கதிரைகளில் வரிசையாக இருந்தவர்களின் காலைக் கழுவிக்கொண்டே வந்தாய். கடைசிக் கதிரையில் சீலன், சந்தியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். கடைசிச் சண்டையில் போன காலுக்குப் பதிலாகப் பொய்க்கால். நல்ல காலை மட்டும் நீட்டினான். நீ அதைக் கழுவித் துடைத்துவிட்டு, மற்றதன் சப்பாத்தையும் கழற்றினாய். "அக்கா, அதுக்கு ஒண்டும் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னான். நீ கேட்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பாதத்தில் தண்ணீர் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்து, மற்றக் காலைவிடக் கூடுதலான நேரம் துடைத்தாய். சனம் முழுக்க விம்மியது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். சீலன் மட்டும் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

எவ்வளவு சண்டை பிடித்தோம்! "பிளாஸ்டிக்குக்கு ஏனடி தண்ணி? எல்லாருக்கும் முன்னால அவனைக் காட்சிப்பொருள் ஆக்கிப்போட்டாய்" என்றேன். "கழுவினா முழு ஆளையும் கழுவோணும். அது மட்டும் அவனில்லையோ?" என்று நீ சீறினாய். நீயே கடைக்குப் போனாய். அவன் உன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்து, "கடையில வேலை கூடிப்போச்சு, அக்கா" என்று மட்டும் சொல்லி அனுப்பினான். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் கையைப் பிடித்தாய். "குனியிறதிலையும் பிழை விடலாமோடி? எனக்கு விளங்கேல்லை" என்றாய். எனக்கும் விளங்கவில்லை. தண்ணீர் குடி என்றேன்.

போன கிழமை சீலன் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருந்தான், இந்த வியாழன் வருவதாக. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலைக் கழுவுவதா, இரண்டையுமா? ஒன்றைக் கழுவினால் மற்றதை ஒதுக்கியதாக நினைப்பானோ? இரண்டையும் கழுவினால் பழையபடி எழும்பிப் போய்விடுவானோ? இவனை இன்னொருமுறை இழந்தால் அது என் கையால் நடந்ததாகிவிடும். போதகருக்கு போன் எடுத்தால், "ஆவியானவர் நடத்துவார், பயப்படாதேங்கோ" என்றார். வேதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசின் காலும் அங்கே கழுவப்பட்டிருக்கிறது. வேண்டாம் என்ற பேதுருவின் காலும் கழுவப்பட்டிருக்கிறது. என் கேள்விக்கு அதில் பதில் கிடைக்கவில்லை. உன் நெகேமியா மதிலுக்கு முன்னால் முழி பிதுங்கி நின்றாள்.

நேற்று அவன் வந்தான். கடைசிக் கதிரையில்தான் இருந்தான். ஒவ்வொரு காலாகக் கழுவி அவனிடம் வந்தேன். குனியப் போனேன்.

"அக்கா, எழும்புங்கோ" என்றான்.

போச்சு, போகப்போகிறான் என்றே நினைத்தேன். அவன் காற்சட்டையைச் சுருட்டி, பொய்க்காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு, கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்தான். "நீங்கள் கதிரையில இருங்கோ. துவாயைத் தாங்கோ" என்றான்.

"எனக்கு வேண்டாமடா தம்பி" என்றேன். வயலில் இறங்கி வந்த கால், நகத்துக்குள் சேறு, குதிகால் முழுக்க வெடிப்பு. கழுவுகிறவளின் காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே வந்திருந்தேன். அந்த வெட்கத்தில் உயிர் போய் வந்தது.

"இவ்வளவு வருசமா எல்லாரும் எனக்குத் தந்துகொண்டுதான் இருக்கினம், அக்கா" என்றான். "நிவாரணம் எண்டு ஆடு தந்தினம், கோழிக்குஞ்சு தந்தினம், படமும் எடுத்தினம். ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேட்டதில்லை. அந்த அக்காவும் கேக்கேல்லை. போன வருசம் அண்டைக்கு அவவின்ர காலையும் கழுவிவிடத்தான் நான் காத்துக்கொண்டு இருந்தனான். அவா முடிச்சிட்டுத் துவாயை மடிச்சுப்போட்டா."

நான் கதிரையில் இருந்தேன். சைக்கிள் எண்ணெய் ஊறிய கறுத்த விரல்களால் என் குதிவெடிப்பில் இருந்த சேற்றை அவன் தேய்த்து எடுத்தான். நான் ஓவென்று அழுதேனடி. எல்லாருக்கும் முன்னால், மூக்கு ஒழுக. ஒரு கால் முடிந்ததும், போதும் என்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மற்றக் காலையும் தாங்கோ, அக்கா" என்றான்.

ஒருவர் காலை ஒருவர் கழுவச் சொன்னதை நாங்கள் எத்தனை தடவை வாசித்திருப்போம்! நீ குனிந்ததில் பிழை இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். காலை நீட்டாததுதான் பிழையோ? இதை அறிந்திருந்தால் அந்தக் கட்டிலில் நீ நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாயா, இல்லை இன்னும் அழுதிருப்பாயா? அதுவும் தெரியவில்லை. காய்ந்ததும் துவாயைச் சீலனிடம் கொடுத்துவிடலாமென்று ஒரு மனம் சொல்கிறது. கொடுத்தால் உன் மணம் கடைசியாக இருந்த துணியும் கைவிட்டுப் போகும் என்று இன்னொரு மனம் அடம்பிடிக்கிறது.

மத்தியானம் சிலுவைத் தியானத்தை நான்தான் நடத்தவேண்டும். என்ன பேசுவதென்று இன்னும் தெரியாது. நேற்றிலிருந்து எனக்குச் செருப்புப் போட மனம் வரவில்லை. இப்படியே வெறுங்காலோடு போகப்போகிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.